மெதுவாக ஓடிய மார்லோ

பிள்ளையார்பாளையத்தில் மாணிக்கவாசகம் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். மார்லோ வீடு என்றால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிடும். எடி மார்லோ, அமெரிக்காவில் கித்தாரை மாட்டிக்கொண்டு ராக் அண்ட் ரோல் பாடிய ஆள். காஞ்சிபுரத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. தன் பேரில் இங்கே ஒரு வீடு இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமும் இல்லை.

எல்லாம் கல்யாணமான புதிதில், ஐம்பது வருஷத்துக்கு முன் வந்த வினை. மனைவி கமலவேணி மாகறல்காரி. அவள் அப்பாவுக்கு மளிகைக்கடை, வீட்டில் தறி கிடையாது. வந்த மறு மாதமே அவளைத் தறியில் கரை போட உட்கார வைத்துவிட்டார்கள். கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் நடுவில் உடலை நெய்வார். பக்கத்தில் இருப்பவர் கரைக்கு நூல் ஓட்டும் கரை நாடாவைப் போட்டு, ஒவ்வொரு இழையையும் உடலோடு கோத்துக் கொடுக்க வேண்டும். ஒரு கை பிந்தினால் கரை பல்லிளிக்கும். கமலவேணியின் கை பிந்திக்கொண்டேதான் இருந்தது. மாமியார் வாய் மட்டும் பிந்தவே இல்லை.

மாணிக்கவாசகம் சென்னை மூர் மார்க்கெட்டுக்குப் போய், சாவி கொடுக்கும் பழைய கிராமபோன் ஒன்றை வாங்கி வந்தார். கூட வந்த மூன்று இசைத்தட்டில் இரண்டு விரிசல். உருப்படியானது மார்லோ ஒன்றுதான். தாளத்தோடு நெய்தால் கை தானாக வரும் என்று நினைத்தார். வைத்துப் பார்த்தால் பாட்டு தலைதெறிக்க ஓடியது. அவள் சமையலறையில் இருந்த நேரம் பார்த்து, வேகத் திருகைக் குறைத்தார், அவள் கை எட்டிப் பிடிக்கிற அளவுக்கு. பாட்டு மெதுவானது, குரலும் கனத்து இறங்கியது. இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மனசு ஒடிந்துபோவாள் என்று பயம்.

"யாருங்க இவரு? இப்படி அழுவுறாரு?" என்றாள் கமலவேணி.

"மார்லோ. பெரிய பாட்டுக்காரரு."

"பாவம்பா. யாரையோ பறிகொடுத்துட்டாரு போல இருக்குது."

அன்றிலிருந்து மார்லோ அவளுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். ஐம்பது வயதிருக்கும், பெண்டாட்டி போய்ச் சேர்ந்திருப்பாள், சோறு போட ஆள் இருக்காது என்று அவளே தீர்மானித்துவிட்டாள். மூன்று மாதத்தில் அவள் கை ஏறிவிட்டது. திருகையும் ஏற்றியிருக்கலாம். அந்தக் கனத்த குரலை அவளிடமிருந்து பிடுங்க இவருக்கு மனசு வரவில்லை.

தலைப்பிள்ளை பதினோராம் மாதத்தில் காய்ச்சலில் போனான். மாணிக்கவாசகம் அழவில்லை. நாலாம் நாள் தறியில் இறங்கிவிட்டார், அவ்வளவு பெரிய வீரர். கமலவேணி கிராமபோன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தட்டு தேயும்வரை போட்டுப் போட்டுக் கேட்டாள். பிறகு பொன்னி பிறந்தாள். கிராமபோனின் சுருள்வில் அறுந்தது, தட்டும் உடைந்தது. தெருவெல்லாம் கேட்ட பாட்டில் வீட்டுக்கு வந்த பேர் மட்டும் நின்றது.

இந்த ஐப்பசியில் கமலவேணியின் இதயம் ஓய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்கே கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கஞ்சி வேண்டாம், மருந்து வேண்டாம் என்றாள் கமலவேணி. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மார்லோவ ஒரு தபா கேக்கணுங்க."

பொன்னி வாலாஜாபாத்தில் டீச்சர். இரண்டு நாள் தேடி, அந்தப் பாட்டைப் போனில் பிடித்துவிட்டாள். "கெடச்சுடுச்சு நைனா!" என்று ஓடி வந்தாள். மாணிக்கவாசகத்துக்குத் தலைகால் புரியவில்லை. திருகு விஷயம் அவருக்கு மறந்தே போயிருந்தது. போனை வாங்கி அவரே அவள் காதருகே வைத்தார்.

இருபது வயதுப் பையன் ஒருவன் துள்ளிக் குதித்துப் பாடினான். நடுவில் சிரிக்கவேறு செய்தான்.

கமலவேணி கண்ணைத் திறந்தாள். "யாரு இது? நிறுத்துங்க."

"மார்லோதாம்மா," என்றாள் பொன்னி.

"இல்ல. அவரு சிரிக்கமாட்டாரு."

அப்போதுதான் மாணிக்கவாசகத்துக்கு உறைத்தது. இனி மறைக்கவும் முடியாது. "அவன்தான் வேணி. அன்னிக்கு உன் கைக்கு எட்டட்டும்னு நான்தான் திருகைக் கொறச்சு வெச்சேன்."

அவள் அவர் பக்கம் தலையைத் திருப்பினாள். "அப்ப அவரு அழலியா?"

"இல்ல வேணி. சந்தோஷமாத்தான் பாடிக்கினு இருந்துருக்கான்."

"புள்ள போனப்ப அவரு மட்டுந்தான் என்கூட அழுதாருன்னு இருந்தேன்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாணிக்கவாசகம் கட்டில் சட்டத்தில் கையால் தட்டி, பழைய வேகத்தில், தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு, அர்த்தம் தெரியாத அந்த இங்கிலீஷை அவரே பாட ஆரம்பித்தார். இரண்டாவது அடியில் குரல் உடைந்தது. பிள்ளையின் பேரைச் சொல்லி ஓவென்று அழுதார். கமலவேணி திரும்பவில்லை. தூங்கிவிட்டாளா, கேட்டுக்கொண்டிருந்தாளா என்று யாருக்கும் தெரியாது. விடிவதற்குள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து பொன்னி ஊருக்குக் கிளம்பும்போது, அவர் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கரை நாடா சும்மா கிடந்தது.

"அன்னிக்கே அவகூட அழுதிருக்கணும்மா," என்றார்.