பினாங்கு போகாத கூஜா

என் மேசைமேல் ஒரு பித்தளைக் கூஜா இருக்கிறது. திருகுமூடி, வளைந்த பிடி. அதன் வயிற்றில் மாமாவின் பெயரும், கீழே ‘பினாங்கு’ என்ற ஊர்ப் பெயரும் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கின்றன. பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவது எங்கள் காஞ்சிபுரத்து வழக்கம். ஊரையும் சேர்த்து வெட்டச் சொன்னவள் அத்தை. அந்த ஊரின் நான்கு எழுத்துகளில் இன்று இரண்டுதான் தெரிகின்றன. மூன்றாவது போன மாதம்வரை இருந்ததாக ஞாபகம். யார் தேய்த்தார்கள் என்று வீட்டில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா பட்டு நெய்தவர். அறுபதுகளில், பினாங்கில் ஜவுளிக்கடை வைத்திருந்த அவருடைய அண்ணன், துணைக்கு வரச் சொல்லி எழுதினார். மாமா சரி என்றோ மாட்டேன் என்றோ சொன்னதாக நினைவில்லை. அத்தைதான் தெரு முழுக்கச் சொல்லி, கூஜா வாங்கி, கப்பல் சீட்டுக்கும் ஏற்பாடு செய்தாள். அந்தச் சமயத்தில் கொட்டகையில் ஒரு ஆங்கிலக் கப்பல் படம் வந்தது. புயலில் சிக்கிய ஒரு குடும்பம் தீவில் பிழைத்து வாழ்கிற கதை என்று சுவரொட்டியிலேயே தெரிந்தது. “கப்பல்னா எப்படி இருக்குதுன்னு நானும் பாக்கறேன்” என்று அத்தை ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்குக் கிளம்பினாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என்னை அர்த்தம் சொல்ல அழைத்துப் போனார்கள்.

படம் தொடங்கும்போதே குடும்பம் தீவில் இருந்தது. ஆங்கிலப் படம் அப்படித்தான் போலும் என்று விட்டுவிட்டோம். அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள், ஒரு ஆடு. மூங்கிலில் வீடு கட்டினார்கள். அம்மாவின் கவுனைக் கிழித்துக் கைக்குழந்தைக்குத் தூளி கட்டினார்கள். அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். கடைசியில் தூரத்தில் ஒரு கப்பல் தெரிய, எல்லோரும் கையசைத்தார்கள். விளக்கு எரிந்தது. இடைவேளை. பீடி பிடிக்க வெளியே போன மாமா மணி அடித்து வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார். அதற்குள் திரையில் அதே குடும்பம் கப்பலில் இருந்தது. “ஊருக்குத் திரும்பிப் போறாங்க, அத்தை” என்றேன். “நல்ல துணி குடுத்திருக்காங்க பாரேன்” என்றாள் அவள்.

பிறகு புயல் வந்தது. பாய்மரம் முறிந்தது. கப்பல் பாறையில் மோதிப் பிளந்தது. ஒரு பெரிய அலை வந்து அந்த நான்கு பிள்ளைகளையும் மூடியதோடு படம் முடிந்துவிட்டது. கொட்டகையில் யாரும் எழுந்திருக்கவில்லை. விசில் இல்லை, பேச்சு இல்லை. அத்தை மட்டும் “ஐயோ, கைக்குழந்தைடா” என்று அலறினாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அவள் விம்ம, மாமா அவள் கையைப் பிடித்தபடி வெற்றுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வயதில் எத்தனையோ சாவு பார்த்துவிட்டேன். அந்த அலைபோல ஒன்று என்னை அடித்ததில்லை.

மறுநாள் தெருவில் இதே பேச்சு. “கப்பல்காரன் குடிச்சிக்கினு ஓட்டியிருக்கான்பா” என்றார் ஜரிகைக்கடை பாய். “பொழைக்க வச்சி அப்புறம் சாவடிக்கிறானே, இவன்லாம் மனுசனா?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். “வெள்ளைக்காரனுக்கே இந்தக் கதின்னா உன் வீட்டுக்காரு எந்த மூலைக்குமா?” என்று அத்தையிடமே ஒருத்தி கேட்டாள். அன்று மாலையே அத்தை சீட்டைத் திருப்பிக் கொடுக்க வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் சிரித்தார்கள். “யாரு செத்தா? ஆடு குட்டி போட்டுக்கினு சொகமா இருக்குது. கை ஆட்றாங்க, படம் முடிஞ்சிது.” இரண்டு கட்சியாகப் பிரிந்து அடிதடிவரை போனது. கடைசியில் கொட்டகை ஆபரேட்டர் உண்மையைச் சொன்னார். ஞாயிறன்று முதல் பாதி ரீல் பெட்டி வந்த பஸ் தாமதம். கூட்டம் சத்தம் போட, கையிலிருந்த இரண்டாம் பாதியை முதலில் ஓட்டிவிட்டார். கூட்டத்தில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தெரியாததால் தன் மானம் தப்பியது என்றார். ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். அவள், “நான் பாத்ததைப் பாக்கலன்னு ஆக்கிடுவியா?” என்று உள்ளே போய்விட்டாள். மாமா தறியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அதன்பின் பினாங்குப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அத்தை காலமாகிப் பல வருடங்கள் கழித்து, ஒருநாள் நான்தான் கேட்டேன், அந்த ஆபரேட்டர்மேல் கோபம் இல்லையா என்று. மாமா கூஜாவிலிருந்து தண்ணீர் குடித்தார், வாயைத் துடைத்தார்.

“அவன் எனக்கு அன்னிக்கே சொல்லிட்டான் மாப்ளே. இன்ட்ரோல்ல பீடி பிடிக்கச் சொல்லோ. பொட்டி மாறிப்போச்சி, வெளிய சொல்லாதண்ணான்னு.”

“தெரிஞ்சுமா? அத்தை அப்படி அழுதாளே!”

“அவ ஆசையா பேர் வெட்டி வச்சிருந்தா. போவ மாட்டேன்னு நான் எந்த வாயால சொல்றது? படம் சொல்லிச்சி.”

கைக்குழந்தைக்காக அவள் நெஞ்சு வெடிக்க அழுதபோது, அந்தக் குழந்தை கரையேறி, தூளியில் ஆடி, வளரப்போகிறது என்று அறிந்த ஒரே மனிதர் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தையில் அவள் அழுகையை நிறுத்தியிருக்கலாம். கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

கூஜா கடைசிவரை அவருடைய தறிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் கை பட்டுப் பட்டுத்தான் ஊர்ப் பெயர் தேய்ந்திருக்க வேண்டும். அவர் பெயர் மட்டும் இன்னும் அழியவில்லை.