முப்பது கணினிகளும் ஒரே எண்ணும்

பொம்மிடியிலிருந்து தினமும் பஸ் பிடித்து, தர்மபுரிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றுக்குப் பாடம் எடுக்கப் போகிறவர் மலர்விழி. பகுதிநேர ஆராய்ச்சி மாணவி என்ற பெயரும் ஏழு வருடமாக அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆராய்ச்சிக்கு விதை, கல்லூரிச் சுவர்ப் பொந்தில் இருந்த தேன்கூடு. வெயில் ஏறினால் நாலைந்து தேனீக்கள் வாசலில் நின்று சிறகால் காற்று வீசும். புழுக்கம் கூடினால் இன்னும் பத்து வந்து சேரும். யாரும் ஏவுவதில்லை. சூடு பொறுக்கும் அளவு ஒவ்வொன்றுக்கும் வேறு, அவ்வளவுதான். கழித்துப்போட்ட முப்பது கணினிகளை மலர்விழி அதேபோலப் பழக்கினார். வேலை எவ்வளவு குவிந்தால் கையில் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். அந்த எண்களைச் சரிப்படுத்தவே இரண்டு வருடம் போயிற்று.

ஆராய்ச்சியை மதிப்பிடப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்குழு வந்த அன்று, சித்தேரிச் சாமை வயல்களின் செயற்கைக்கோள் படங்களைக் கணக்கிடும் வேலையைக் கொடுத்தார். முப்பது கணினிகளும் ஒரே படத்தின் மேல் பாய்ந்தன. எல்லாம் சேர்ந்து கைவிட்டன. மறுபடி எல்லாம் சேர்ந்து பாய்ந்தன. ஒரு படம்கூட முடியவில்லை.

"ஏம்மா, இதுல மெயின் சிஸ்டம் எது?" என்றார் குழுவில் மூத்தவர்.

"மெயின்னு ஒண்ணு கெடையாதுங்க சார். ஒவ்வொண்ணும் தானா பாத்து எடுத்துக்கும்."

"அதான் எடுத்துக்குதே!" என்று அவர் சிரிக்க, துறைத்தலைவர் குப்புராஜும் கூடச் சிரித்தார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

மலர்விழி ஒவ்வொரு கணினியாகத் திறந்து பார்த்தார். முதலாவதில் பதினான்கு. இரண்டாவதிலும் பதினான்கு. கடைசிவரை பதினான்குதான்; அதனால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் பாய்ந்திருக்கின்றன.

"மாதப்பா, இதையெல்லாம் யார் தொட்டது?"

லேப் டெக்னீஷியன் மாதப்பன் தயங்கினான். "குப்புராஜ் சார்தாங்க்கா... கமிட்டி வருது, எல்லாம் ஒரே மாரி இருக்கணும்னாரு. நேத்து ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர்ல இருந்ததைக் காப்பி பண்ணி எல்லாத்துலயும் போட்டுட்டேன்."

மலர்விழி பழைய எண்களைக் குறித்துவைத்திருந்த நோட்டைப் பிரித்து முப்பதையும் திரும்ப அடித்து முடித்துக் கீழே ஓடியபோது, குழுவினர் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். தீர்த்தமலைக் கோயிலுக்குப் போகிற அவசரம்.

"சார், என்ன தப்புன்னு கண்டுபிடிச்சிட்டேனுங்க. பத்தே நிமிசம் வந்து பாருங்க."

"ரிப்போர்ட் எழுதியாச்சும்மா." கார் கிளம்பிவிட்டது.

மையக் கணினி ஒன்றைச் சேர்த்து, ஆறு மாதம் கழித்து மீண்டும் காட்டவும் என்று எழுதியிருந்தார்கள்.

மேலே லேபில் வேலை சீராக ஓடிக்கொண்டிருந்தது. மலர்விழி வேண்டுமென்றே நான்கு கணினிகளை அணைத்தார். அவற்றின் படங்களை மற்றவை எடுத்துக்கொண்டன.

"நல்லாத்தானேங்க்கா ஓடுது!" என்றான் மாதப்பன். யார் பார்க்க வேண்டுமோ அவர்கள் பார்க்கவில்லையே என்று அவருக்கு அழுகையே வந்தது.

மையக் கணினி வேண்டாம், நடந்த தவறு இதுதான் என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் குப்புராஜிடம் கையெழுத்துக்கு நீட்டினார்.

"ஒரு மெயினை வெச்சுட்டாதான் என்னம்மா? பேருக்கு ஒண்ணு இருந்துட்டுப் போவுது."

"அப்ப ஏழு வருசமா நான் பண்ணது என்னங்க சார்?"

அவர் கடிதத்தைக் கோப்புக்கு அடியில் சொருகினார். மூன்று வாரமாகக் கையெழுத்து விழவில்லை. நான்காவது வாரம் மலர்விழி தன் கையெழுத்தை மட்டும் போட்டு இன்னொரு பிரதியை நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். துறைத்தலைவர் வழியாக அனுப்பவும் என்று அது திரும்பி வந்தது.