அமாவாசைதோறும் படுத்த இணைப்பு

ஆராய்ச்சிக்கூடங்களின் தரவுகளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் அதிவேக இணைப்பொன்றின் வேகத்தைக் கண்காணிப்பதுதான் திண்டிவனத்தில் என் வேலை. திரையில் பச்சைக்கோடு ஒன்று ஓடும். நேராக ஓடினால் என்னை யாரும் நினைக்க மாட்டார்கள்.

மாதம் ஒரு நாள் அது சரிந்தது. தூரத்து இணைப்பில் கொஞ்சம் தரவு தொலைந்தாலும் மொத்த வேகமும் படுத்துவிடும். கருவிகளை மாற்றினோம், பலனில்லை. காலண்டரைப் பார்த்து என் மனைவிதான் சொன்னாள்: "எல்லாமே அமாவாசையா இருக்குதே!"

தொலைபேசிக் கூட்டத்தில் தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். ஐரோப்பாவில் எங்கள் தரவைப் பெறும் இயற்பியலாளர் ஒருவர் சிரிக்கவில்லை. கடலின் ஏற்றவற்றம் ஆழ்கடல் கேபிளை இழுக்கிறதோ என்றார். அடுத்த வாரம் சமன்பாட்டோடு வந்தார். என் மேலாளர் அவருக்குத் தலையாட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "எதுக்கும் ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுடுப்பா." போட்டேன்.

அடுத்த அமாவாசையன்று, கண்ணாடி இழைக்குள் ஒளியை அனுப்பிப் பழுது எவ்வளவு தூரத்தில் என்று காட்டும் கருவியை வைத்துப் பார்த்தேன். ஊருக்கு வெளியே, மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசைதோறும் விடும் சிறப்புப் பேருந்துகள் நிற்கும் இடத்தைக் காட்டியது. வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். சோடா விற்கும் ஓர் அம்மாள் எங்கள் கேபிள் குழியின் சிமெண்டு மூடியை நகர்த்தி, உள்ளே பாட்டில்களை அடுக்கியிருந்தார்.

"அக்கா, இது எங்க குழிக்கா!"

"தெரியுங்க. உள்ள ஜில்லுனு இருக்குது. கூட்டம் வர்ற நாளு மட்டும் வெச்சிக்கினு, சாயங்காலம் எடுத்துடறேன். ஒயரைக்கூட பத்திரமா மடிச்சி ஓரமா வெச்சிருக்கேன். இதுல யாருக்கு என்ன பேஜாரு?"

மடித்ததுதான் பேஜாரு. இழை மடங்கினால் ஒளி கசியும். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஒரு சோடா வாங்கிக் குடித்தேன்.

அலுவலகச் செலவில் அவருக்கு ஓர் ஐஸ்பெட்டி வாங்கிக் கொடுத்தோம். அடுத்த அமாவாசையன்று கோடு நேராக ஓடியது. இயற்பியலாளருக்குத்தான் வருத்தம். நிலாவுக்குச் சம்பந்தமே இல்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டுமாம். அமாவாசை அல்லாத ஒரு நாளில் பாட்டில்களை மறுபடி வைக்கச் சொன்னார்.

போய்க் கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அன்னிக்கு எடுன்னீங்க, இன்னிக்கு வையின்றீங்க. உங்க ஆபீஸ்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்கீங்களா?"

ஆனாலும் இழையை மடித்து, பாட்டில்களை அடுக்கினார். அலுவலகத்தில் பச்சைக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் என் கைபேசி ஒலிபெருக்கியில் கூவினார்: "விழுந்துடுச்சுப்பா! விழுந்துடுச்சு!"

பேருந்துக்கு நின்ற இரண்டு பேர் ஓடிவந்து, விழுந்தது யாரென்று குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.