அம்மா துண்டிக்காத லைன்

மருத்துவமனையில் எல்லோரும் அவளைப் போர்டக்கா என்றார்கள். முப்பத்தொரு வருடம் தொலைபேசி இணைப்பு அறையில் ஸ்விட்ச்போர்டு முன்னால் உட்கார்ந்திருந்தவள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மங்கலான வெளிச்சம், வரிசையாகச் சின்னச் சிவப்பு விளக்குகள். ஒரு விளக்கு எரிந்தால் யாரோ காத்திருக்கிறார்கள். அவளுக்கு ஒரே சட்டம்தான்: எதிர்முனையில் இருப்பவர் வைக்காமல் தான் வைக்கக் கூடாது. வீட்டிலும் அப்படியே. மகளிடம் போனில் பேசி முடித்தால், "நீ வைம்மா", "நீ வைடி" என்று ஒரு நிமிடம் கரையும். கடைசியில் மகள்தான் வைப்பாள்.

அம்மா ஓய்வு பெற்றதும், மகள் தன் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். அம்மா பிரவுசரைத் திறந்தவுடன், மேலே வரிசையாக நின்ற டேப்களைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"என்னடி இது? ஒரே ஜன்னல்ல பன்னெண்டு பேர் தலைய நீட்டுறாங்க. கூப்பிட்டது யாருன்னு எப்படித் தெரியும்?"

மகளின் வேலையே அதற்கான பதில்தான். இணையச் செயலிகளைப் பிரவுசரிலிருந்து பிரித்து, கணினியோடு பிறந்தவைபோல் ஓடவைப்பது. ஒவ்வொன்றுக்கும் தனி ஜன்னல், தனிச் சின்னம், தனி மணி. பெயர் வைத்தது அம்மா. வானிலைக்குக் 'குடை'. வெளியூரில் இருக்கும் மகனோடு பேசும் வீடியோவுக்குச் 'சின்னவன்'. குரல் பதிவுக்கு 'ஒத்திகை'. மகனிடம் சொல்ல வேண்டியதை முதலில் ஒத்திகையில் பேசுவாள். போட்டுக் கேட்பாள். "காரம் ஜாஸ்தி" என்று சொல்லி மறுபடி பேசுவாள்.

காலை நேரங்களில் அந்தத் திரை ஒரு தூங்கும் வீடுபோல் இருக்கும். ஒரு ஜன்னலுக்குப் பின்னால் இன்னொன்று. குடைக்குள் மேகம் மெல்ல நகரும். அம்மா எதையும் மூட மாட்டாள். ஓரமாக ஒதுக்கிவைப்பாள், அவ்வளவுதான்.

பதிவுகள் சேர்ந்து குப்பையாகுமே என்று மகள் ஒத்திகையின் நிரலில் மட்டும் ஒரு வரி எழுதியிருந்தாள்: ஜன்னலை மூடினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். சுத்தமான வேலை என்று அன்றைக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மா நாற்காலியிலிருந்து சரிந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். புதன்கிழமை அவள் இல்லை.

சனிக்கிழமை மதியம் பிள்ளைகள் இருவரும் வீட்டைக் காலி செய்தார்கள்.

"அக்கா, அந்த லேப்டாப்ப ஆஃப் பண்ணிப் பையில போடு. வண்டி நிக்குது."

இருண்டிருந்த திரையை அவள் தொட்டாள். விழித்தது. கீழே ஏழு சின்னங்கள், ஏழின் அடியிலும் புள்ளி. ஒன்றுகூட மூடப்படவில்லை. ஒத்திகையின்மேல் மட்டும் சிவப்புப் பொட்டு.

"கிட்ட வராதடா."

"நான் என்ன பண்ணேன்?"

"அம்மா இன்னும் லைன்ல இருக்கா."

தம்பி அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நூற்று மூன்று மணி நேரம், பன்னிரண்டு நிமிடம். அவன் மூச்சு விட்டதற்கு ஒரு பச்சைக் கோடு எழுந்து அடங்கியது. மூலையில் பேட்டரி ஆறு சதவீதம்.

"சார்ஜர் எங்க?"

"பையில கட்டிட்டேனே."

"எந்தப் பை?"

"எல்லாப் பையும் ஒரே மாதிரிதான்க்கா! நீதான வாங்குன?"

"அணைஞ்சா அவ குரலே போயிடும்டா. அழியட்டும்னு எழுதினதே நான்தான்."

அவன் பைகளை இழுத்துப் போட்டான். முதல் பையைக் கவிழ்த்தான், துணி. இரண்டாவது, பாத்திரம். மூன்றாவதில் வயர் தலைநீட்டியது. செருகியபோது இரண்டு சதவீதம்.

இனி நிறுத்த வேண்டும். நிறுத்தினால்தான் சேமிக்க முடியும். அவள் விரல் பட்டன்மேல் நின்றது, இறங்கவில்லை.

"நீ வைம்மா," என்றாள்.

பச்சைக் கோடு அவள் குரலுக்கு எழுந்தது. பிறகு நேராக ஓடியது, நெடுநேரம். ஜன்னல் திரைச்சீலை அசைந்ததற்குக்கூட மெல்லிதாக நடுங்கியது. அம்மா வைக்கவில்லை. என்றைக்குத்தான் வைத்திருக்கிறாள்?

"சரி. நான் வைக்கிறேன்."

அழுத்தினாள். சேமித்தாள். பென்டிரைவில் ஒரு நகல், அதற்கும் ஒரு நகல். அப்புறம்தான் தொடக்கத்துக்குப் போனாள்.

நாற்காலி நகரும் சத்தம். தொண்டையைச் செருமும் சத்தம்.

"சின்னவனே, நான் கோவமா பேசல, கேளு..."

தம்பி கட்டிவைத்த பெட்டிமேல் உட்கார்ந்தான். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். யாரும் எழவில்லை.