மாப்பிள்ளை விழுந்த வருடம்

வாழ்க்கையில் முதன்முதலாக நான் அதிர்ந்து வாயடைத்துப் போனது, முன்பின் பார்த்திராத ஓர் அமெரிக்கன் நிலத்தில் விழுந்ததற்காக. எனக்கு அப்போது ஒன்பது வயது. எண்பதுகளின் நடுப்பகுதி. லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டு முன்னறையில், ஞாயிற்றுக்கிழமை மாலை, மாமாவும் நானும் சம்மணம் கட்டி உட்கார்ந்து தொலைக்காட்சியில் அமெரிக்கக் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பந்தைக் கையால் எறிகிற ஆட்டத்துக்கு எந்தப் புண்ணியவான் கால்பந்து என்று பெயர் வைத்தானோ தெரியாது. இரண்டு பக்கமும் அலுமாரி அளவு ஆட்கள் குனிந்து நிற்பார்கள். ஒரு வரிசைக்குப் பின்னால் தனியாக ஒருவன் நிற்பான். பந்து அவன் கைக்கு வந்ததும் மூன்று நான்கு விநாடிக்குள் ஓடுகிற தன் ஆளைக் கண்டுபிடித்து எறிந்துவிட வேண்டும். அதுவரை அவனுடைய முன்வரிசை எதிராளிகளை மறித்து வைத்திருக்க வேண்டும். மறிக்கத் தவறினால் எல்லா அலுமாரிகளும் அவன் மேல்தான். அவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது மாமா. அம்மாவின் தம்பி. எஞ்சினியரிங் படிக்க லண்டனுக்கு வந்தவர். எங்கள் வீட்டு மாடியில் கட்டில் போட்டால் கதவு திறக்காத சின்ன அறை அவருடையது. ஊரில் தலைமையாசிரியராக இருந்த தாத்தா, தன் ஐந்து பிள்ளைகளில் இவன்தான் என்று விரல் நீட்டித் தெரிந்தெடுத்து அனுப்பிய பிள்ளை அவர். அதனால் எங்கள் வீட்டில் அவருக்குத் தனி மரியாதை இருந்தது. ஆட்டிறைச்சிக் கறியில் நல்லி அவருக்குத்தான். அவர் அறையில் இருக்கும்போது படிக்கட்டில் நான் சத்தம் போட்டு ஏறக் கூடாது. காலையில் கறுப்புக் கைப்பெட்டியோடு அவர் இறங்கி வரும்போது அம்மா வாசல்வரை போய் வழியனுப்புவார். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு யாரும் அப்படி அனுப்பியதில்லை.

தாத்தாவின் கடிதம் ஒன்று அம்மாவின் கைப்பையிலேயே கிடந்தது. 'தம்பியின் பட்டமளிப்புப் படத்துக்குக் கூடத்துச் சுவரில் ஆணி அடித்தாயிற்று' என்று அதில் எழுதியிருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா அதை வாசித்துக் காட்டுவார். அந்த நேரம் பார்த்து மாமாவுக்கு மாடியில் ஏதாவது வேலை வந்துவிடும். கூச்ச சுபாவம் என்று அப்பா சொல்வார்.

விழுந்த அமெரிக்கனுக்கு வருகிறேன். அந்த வருடம் புதிதாக வந்த குவார்ட்டர்பேக் அவன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாடிய அத்தனை பேரிலும் முதல் ஆளாகத் தெரிந்தெடுக்கப்பட்டவன். உயரம் அளந்தார்களாம், உள்ளங்கை அளந்தார்களாம், ஓடவிட்டு மணிக்கூடு பிடித்தார்களாம். சமையலறையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "சாதகம் ஒண்டுதான் பாக்கேல்லைப் போல" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவன் பெயர் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை முதல் நாளே விழுந்தான். தலைக்கவசத்தின் கம்பிக்குள் புல் செருகியிருக்க, நாலு பேருக்கு அடியிலிருந்து அவனை இழுத்து எடுத்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். முதலாவதாக வந்தவன் எப்படி விழலாம்? எங்கள் வகுப்பில் முதலாவதாக வருகிற பெண் எல்லாவற்றிலும் முதலாவதாகத்தான் வந்தாள். அடுத்த வாரமும் விழுந்தான். அதற்கடுத்த வாரம் பந்தை எதிராளியின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தது போல எறிந்தான். திங்கட்கிழமைகளில் அம்மா வேலைக்குப் புறப்படும்போது, "என்னவாம், மாப்பிள்ளை நேற்றும் விழுந்தவரோ?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஏன் விழுகிறான் என்று ஒவ்வொரு வாரமும் நான் மாமாவைக் குடைவேன். ஒவ்வொரு வாரமும் அவரிடம் வேறு பதில் இருக்கும். முன்னால் நிற்பவர்கள் சரியில்லை என்பார். பல்கலைக்கழகத்தில் இவன் ஆடிய ஆட்டம் வேறு, இங்கே எல்லோரும் இவனைப் போலக் கெட்டிக்காரர்கள்தான் என்பார். ஒருநாள் திரையைப் பார்த்தபடியே, "உவன் பந்தைக் கனநேரம் வச்சுக்கொண்டு நிக்கிறான் பிள்ளை. எறிய ஏலாட்டி வெளியில எறிஞ்சுபோட்டு, ஏலாது எண்டு நிக்கோணும். உவனுக்கு அதுக்கு வெக்கம்" என்றார்.

இன்னொரு நாள் அவர் சொன்னது என்னை இன்னும் திகைக்க வைத்தது. கடந்த வருடம் கடைசியாக வந்த அணிக்குத்தான் புது ஆளைத் தெரிந்தெடுக்கும் முதல் உரிமையாம். ஆக நாட்டிலேயே கெட்டிக்காரனைப் பிடித்து நாட்டிலேயே மோசமான அணியிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

"அது அநியாயம் மாமா! அவன் என்ன பிழை செய்தவன்?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவர் ஆட்டம் முடியும்வரை திரும்பி வரவில்லை.

அடுத்த ஓகஸ்டில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த பெரிய விளையாட்டரங்குக்கு இரண்டு அமெரிக்க அணிகள் ஆட வந்தன. ஒன்று மாப்பிள்ளையின் அணி. பெட்ரோல் நிலையத்தில் அப்பாவின் முதலாளி தனக்கு வேண்டாம் என்று இரண்டு டிக்கெட் கொடுத்தார். ஒன்றை மாமாவுக்குக் கொடுப்பது என்று அப்பாவே சொன்னார். மாமா மறுத்துவிட்டார். லைப்ரரியில் வேலை இருக்கிறதாம். மாப்பிள்ளை நேரிலே வருகிறான், இவர் புத்தகம் படிக்கப் போகிறாராம்! இப்படியும் ஒரு மனிதர் படிப்பாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்பாதான் என்னோடு வந்தார். இடைவேளையில் அவர் கழிப்பறை வரிசையில் நின்றார். என்னைச் சுவரோரம் நிற்கச் சொல்லியிருந்தார். எதிரே ஹொட் டோக் என்கிற சொசேஜ் பாண் விற்கிற கவுண்டர். அதற்குப் பின்னால் காகிதத் தொப்பியும் சிவப்புக் கோடு போட்ட ஏப்ரனுமாக மாமா நின்றார்.

"மாமா!" என்று கத்தினேன். அவர் கையில் இருந்த சொசேஜ் நழுவி விழுந்தது. அவ்வளவு வெளிறிய முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கவுண்டருக்கு மேலால் குனிந்து, "அப்பா எங்கை?" என்றார். சொன்னேன். "அப்பாட்டைச் சொல்லாதை பிள்ளை. அம்மாட்டையும் சொல்லாதை. சத்தியமா?" சத்தியம் என்றேன். ஒரு சிப்ஸ் பொட்டலத்தைக் கையில் திணித்தார்.

அதற்குள் சிவந்த முகத்தோடு ஒரு பருத்த வெள்ளைக்காரர் வந்தார். அவர்தான் அங்கே மேலாளர். நான் மருமகள் என்று அறிந்ததும் மகிழ்ந்துபோய், உன் மாமாவைப் போல ஒரு வேலையாள் எனக்குக் கிடைத்ததில்லை, திங்கள் முதல் வெள்ளி வரை பக்கத்து மண்டபத்துக் கிச்சின், ஆட்டம் இருந்தால் இங்கே, மூன்று வருடத்தில் ஒருநாள் பிந்தியதில்லை என்று ஆங்கிலத்தில் அடுக்கினார். மாமா பாண் வெட்டிக்கொண்டே இருந்தார். தேவைக்கு மேல் வெட்டினார்.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. டிக்கெட் இல்லாமல் ஆட்டம் பார்க்க மாமா மாறுவேடத்தில் வந்திருக்கிறார்! அந்த மேலாளரையும் அல்லவா ஏமாற்றி வைத்திருக்கிறார்! இப்படி ஒரு மாமா யாருக்கு வாய்க்கும்? பெருமையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டாம் பாதியில் மாப்பிள்ளை நீளமாக ஒரு பந்து எறிந்தான். அது வானத்தில் சுழன்று போய் ஓடுகிறவன் கையில் பொத்தென்று இறங்கியது. மாமாவும் எங்கேயோ மறைந்து நின்று இதைப் பார்த்திருப்பார் என்று நினைத்துக் கைதட்டினேன்.

அந்தக் காலத்தில் ஊருக்குப் பேசுவது கசெட்டில்தான். தாத்தா வீட்டில் தொலைபேசி இல்லை. யாராவது கொழும்புக்குப் போகிறார்கள் என்று தெரிந்தால் அம்மா ஒரு வெற்றுக் கசெட் வாங்கி வருவார். ஒவ்வொருவராக முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தாத்தாவுக்குப் பேச வேண்டும். எல்லோரும் பேசி முடிந்ததும் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று கூடி உட்கார்ந்து ஒருதரம் கேட்போம். ஆட்டத்துக்கு அடுத்த ஞாயிறு அப்படி ஒரு கசெட் பதிந்தோம். என் முறை வந்தபோது நான் நன்றாக யோசித்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. தாத்தாவிடம் சொல்லக் கூடாது என்று மாமா சொல்லவே இல்லை.

தேநீரோடு எல்லோரும் உட்கார்ந்தார்கள். அம்மாவின் குரல் சுகம் விசாரித்தது. அப்பாவின் குரல் லண்டன் மழையைப் பற்றிச் சொன்னது. மாமாவின் குரல், "படிப்பு நல்லாப் போகுது அப்பா. அடுத்த வருஷம் முடிஞ்சிடும். யோசிக்காதேங்கோ" என்றது. பிறகு என் குரல். நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"தாத்தா, மாமா சரியான கெட்டிக்காரன். மட்ச் பாக்கக் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு சொசேஜ் விக்கிற ஆள் மாதிரி வந்தவர். அங்க ஒரு வெள்ளைக்கார மனிசன். பாவம், மாமா மூண்டு வருஷமா ஒவ்வொரு நாளும் அங்கதான் வேலை செய்யிறார் எண்டு அந்தாள் நம்பிக்கொண்டிருக்குது!"

நான் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. அப்பாவின் கோப்பை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா கம்பளத்தைப் பார்த்தார். கசெட்டில் நான் தாத்தாவை மகிழ்விக்கப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கியிருந்தேன். நூற்று நாற்பத்து நாலு வரும்வரை ஒருவரும் அதை நிறுத்தவில்லை.

"தம்பி," என்றார் அம்மா. அவர் குரல் அவருடையது மாதிரியே இல்லை. "இவள் என்ன சொல்லுறாள்?"

"விட்டிட்டன் அக்கா. முதலாம் வருஷமே."

"நீர் ஏன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?" என்றார் அப்பா.

"என்னெண்டு அத்தான் சொல்லுறது? ரெண்டு பாடம் பெயில். திரும்ப எழுத நினைக்க, ஊரில அண்ணையின்ரை கடையை எரிச்சுப்போட்டாங்கள் எண்டு கடிதம் வந்தது. இனி உன்னைத்தான் நம்பியிருக்கிறம் எண்டு எல்லாரும் எழுதினவை. அப்பா அங்க ஆணியும் அடிச்சுப்போட்டார்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அம்மா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்ன உடைந்தது என்று தெரியவில்லை. உடைத்தது நான்தான் என்று மட்டும் தெரிந்தது. "நான் அப்பாட்டைச் சொல்லேல்லை! அம்மாட்டையும் சொல்லேல்லை!" என்று கத்தி அழுதேன். மாமா என்னை இழுத்துப் பக்கத்தில் இருத்தி, "ஓம் பிள்ளை, நீ சொல்லேல்லை" என்றார்.

அதற்குப் பின் நடந்ததுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. முகத்தைக் கழுவிவிட்டு வந்த அம்மா கசெட்டைப் பின்னால் ஓட்டி, என் குரல் தொடங்குகிற இடத்தில் நிறுத்தினார். "மாமா நல்லாப் படிக்கிறார் எண்டு சொல்லு. பிறகு வாய்ப்பாட்டைச் சொல்லு" என்றார். பொய் சொன்னால் வாயில் மிளகாய்த்தூள் போடுவேன் என்று வெருட்டுகிற அதே அம்மா! வேண்டாம் அக்கா என்று மாமா எழுந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "ஊரில அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம். தாங்கமாட்டார்" என்று மட்டும் சொன்னார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமா நல்லாப் படிக்கிறார் தாத்தா என்று சொன்னேன். வாய்ப்பாட்டை முதல் தடவையை விடத் திருத்தமாகச் சொன்னேன். நான் எதையும் திருத்தமாகச் செய்கிற பிள்ளை.

அந்த மாரி காலத்துக்குள் மாமா லண்டனின் மறுகோடியில் செவன் கிங்ஸில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கைப்பெட்டியை எனக்குத் தந்துவிட்டுப் போனார். உள்ளே ஓர் ஏப்ரன் மட்டும் மடித்து இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு ரயில் மாறி வருவார். அம்மா நல்லியை அவருக்கே வைப்பார். ஆனால் கண்ணைப் பார்த்துப் பரிமாறமாட்டார். மாப்பிள்ளையை இப்போது ஆட்டத்தில் இறக்குவதே இல்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு மைதான ஓரத்து வாங்குப் பலகையில் இருந்தான். திரையில் அவன் முகம் வந்தால் மாமா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருக்கும்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, பேப்பரின் பின்பக்கத்தில் இருந்த சின்னச் செய்தியை மாமா எனக்குக் காட்டினார். மாப்பிள்ளையின் அணி மறுபடியும் கடைசியாக வந்ததாம். ஆகவே மறுபடியும் முதல் உரிமை அவர்களுக்குத்தானாம். புதிதாக ஒரு குவார்ட்டர்பேக்கைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான்.

தாத்தாவின் கடிதமும் அந்த வாரம்தான் வந்திருந்தது. ஊரில் சண்டையால் பாதைகள் பூட்டிக் கிடந்த காலம். கடிதம் வந்து சேர்ந்ததே அதிசயம். அம்மா அதை மாமாவிடம் கொடுத்தார். அவர் உரக்க வாசிக்கத் தொடங்கினார். கசெட்டை அயலெல்லாம் கேட்டதாம். தம்பியின் படத்துக்குக் காத்திருக்கிறார்களாம். 'பேத்தி வாய்ப்பாடு சொன்ன விதத்தைக் கேட்டேன். சந்தேகமே இல்லை, இவள்தான் நம் குடும்பத்தின் டொக்டர். தம்பியின் ஆணிக்குப் பக்கத்திலேயே இவளுக்கும் ஓர் ஆணி அடித்துவிட்டேன்.'

நான் துள்ளிக் குதித்தேன். எனக்கு ஆணி! எங்கள் குடும்பத்தில் எத்தனையோ பேரப்பிள்ளைகள் இருக்க, எனக்கு! அம்மாவின் முகத்தில்கூட பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. மாமா மட்டும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"பிள்ளை, உனக்கு ஏலாமல் வந்தால், மாமாட்டை வந்து சொல்லுவியோ?"

"எனக்கு எல்லாம் ஏலும் மாமா," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். எலும்பு நோகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தன் ஆணிக்குப் பக்கத்தில் என் ஆணியும் வந்துவிட்டதே என்று மாமாவுக்குப் பொறாமை என்றுதான் நான் நினைத்தேன்.