கண்ணாடி போட்டுக் கடல் பார்த்த நாள்

பிள்ளை பார்க்கிற வேலையில் கையில் இருப்பது ஒரு பிள்ளை, மனசில் இருப்பது வேறு பிள்ளை. இதே வேலையில் இருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருந்தால் பேச்சு வராது, எழுதினால் கொஞ்சம் வரும். அதனால் எழுதுகிறேன்.

மலாயாவில் அவசரகாலச் சட்டம் இருந்தபோது, மலாக்காவில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், டிரஸர் ஐயா வீட்டில் வேலைக்கு இருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் அவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஆறு வயது மகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை, அவளைப் பாப்பா என்று கூப்பிடுவோம். என் மகள் தேவிக்கு அப்போது எட்டு மாசம். அவளைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்கு வருவேன், இடையில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன். காட்டில் ஒளிந்திருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாது என்று தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். சாயந்திரம் ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்துவார்கள். சாத்தினால் சாத்தினதுதான், வெளியே மாட்டிக்கொண்டவர் விடிந்துதான் வீடு வர வேண்டும்.

காட்டிலிருந்து வந்த விருந்தாளி

டிரஸரம்மாவின் தம்பிக்குக் கோலாலம்பூரில் ஆபீஸ் உத்தியோகம். அவரும் சம்சாரமும் பகாங் காட்டில் மிருகம் பார்த்துவிட்டு நேராக எங்கள் தோட்டத்துக்கு வந்து இறங்கினார்கள். பெர்மிட், துப்பாக்கியோடு இரண்டு காவல்காரர்கள், மரத்தின் மேல் பரண், மூன்று நாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. காட்டோரத்தில் குடியிருந்த ஜனங்களை எல்லாம் லாரியில் ஏற்றி வெளியே கொண்டுவருகிற காலத்தில், இவர்கள் பெர்மிட் வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்துக்குப் பின்னால் குரங்கும் பன்றியும் பெர்மிட் இல்லாமலே வந்து போகும், அதைப் பார்க்க யாரும் வந்ததில்லை.

காட்டு அலுப்புத் தீர மறுநாள் பூலாவ் பெசார் தீவுக்குப் போய் ஓய்வாக இருந்துவிட்டு வரலாம் என்று முடிவானது. பாப்பாவைப் பிடிக்க ஆள் வேண்டும், நானும் வர வேண்டும், கைக்குழந்தையைக் கடலுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று டிரஸரம்மா சொல்லிவிட்டார். தேவி புட்டிப்பால் குடிக்க மாட்டாள், கஞ்சி கொடுத்தாலும் பாதியைத் துப்புவாள் என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை, தலையை ஆட்டிவிட்டேன். பொய் சொல்வானேன், கடலைக் கிட்டத்தில் பார்க்க எனக்கும் ஆசை. பால் மரம் சீவிவிட்டு வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாக என் வீட்டுக்காரர் சொன்னார். ஆறு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்றும் இரண்டு தடவை சொன்னார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் தம்பி ஐயா யானைக் கதை சொன்னார், புலிக் கதை சொன்னார். எல்லாம் காவல்காரர்கள் அவருக்குச் சொன்ன கதை. அவர் கண்ணால் பார்த்தது தாப்பிர் என்கிற மிருகம் ஒன்றைத்தான். முன்னால் கறுப்பு, பின்னால் வெள்ளையாம். அதுவும் ஓடும்போது. ஆஸ்பத்திரியை விட்டு வர முடியாது என்று பயணத்துக்கு வராத டிரஸர் ஐயா, சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "மூண்டு நாள் மரத்திலை குந்தியிருந்து ஒரு தாப்பிரின்ரை பின்பக்கத்தைப் பாத்திட்டு வந்திருக்கிறான். எங்கடை ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் நாளுக்கு நாப்பது பேரை முன்பக்கமாகவே பாத்திருப்பான்."

ஓட்டை போட்ட டின்கள்

தோட்டத்துக் கேட்டைத் தாண்டிச் சாப்பாடு எதுவும் போகக் கூடாது. அதனால் செர்காம் படகுத்துறைக்குப் போகிற வழியில் ஒரு சீனர் கடையில் ரொட்டியும் நாலு மத்தி மீன் டின்னும் வாங்கினார்கள். கடைக்காரத் தவுக்கே ஒவ்வொரு டின்னிலும் ஆணியை வைத்து இரண்டு ஓட்டை போட்டுத்தான் கொடுத்தார். அப்போது சட்டம் அப்படி. ஓட்டை போட்ட டின் கெட்டுப்போகும், ஒளித்துவைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாது. தம்பி ஐயாவுக்கு இது புதுசு. காசு கொடுத்து வாங்கினதை ஏன் உடைக்கிறாய் என்று சண்டைக்குப் போனார்.

எல்லாவற்றையும் ஒரே பையில் அடுக்கு என்று டிரஸரம்மா என்னிடம் சொன்னார். காரில் வேறொரு உருண்டை டின் கிடந்தது. மேலே இங்கிலீஷ் எழுத்து, ஓட்டை இல்லை. வழியில் போலீஸ் சோதனை உண்டு. ஓட்டை இல்லாத டின்னோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்று எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாரையும் கேட்க வெட்கமாக இருந்தது. தவுக்கேயின் ஆணியை ஜாடையில் வாங்கி, நானே இரண்டு ஓட்டை போட்டு மத்தி டின்களோடு சேர்த்து அடுக்கிவிட்டேன்.

படகில் ஏறினோம். படகுக்காரர் ஒரு மலாய்ப் பெரியவர், பாக்சிக் என்று கூப்பிட்டோம். அலை தூக்கிப் போட்டதில் பை சாய்ந்து, மத்தி மீன் சாறு உள்ளே முழுக்க ஓடியது. நடுக்கடலில் தம்பி ஐயா அந்த உருண்டை டின்னைத் தேடினார். உள்ளே ஐம்பது சிகரெட். இரண்டு ஓட்டை வழியாகவும் தக்காளிச் சாறு இறங்கியிருந்தது. ஓரளவு காய்ந்ததாக ஒன்றைப் பொறுக்கிப் பற்றவைத்து ஓர் இழுப்பு இழுத்தார். நான் பாப்பாவின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. கடலைப் பார்த்தபடி தம் சம்சாரத்திடம் சொன்னார்: "சோத்தைக் கொண்டு வாரும், குழம்பு நான் இழுத்திட்டன்."

பால் விட்ட தேத்தண்ணி

தீவுக்குப் போய்ச் சேர்ந்ததும் பாக்சிக் விரலை மூன்றாக நீட்டிக் காட்டினார். மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும், அதற்கு மேல் தண்ணீர் இறங்கிவிடும், அந்தக் கரையில் படகு ஒதுங்காது. எல்லோரும் சரி என்றார்கள். மூன்று மணிக்குக் கிளம்பினால் ஐந்துக்கு முன்பே கேட். என் மனசு லேசானது.

தம்பி ஐயா கோலாலம்பூரிலிருந்து ஒரு சாமான் கொண்டுவந்திருந்தார். கறுப்பு ரப்பரில் முகத்தை மூடுகிற கண்ணாடி. கூடவே வளைந்த குழாய் ஒன்று, ஒரு முனை வாயில், மறுமுனை தண்ணீருக்கு மேலே. குப்புற மிதந்துகொண்டு மூச்சும் விடலாமாம், மீனும் பார்க்கலாமாம். அது எப்படி மூச்சு விட முடியும் என்று நான் அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். முனையில் கையை வைத்து மூடினால் என்ன ஆகும் என்று பாப்பா கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான், நல்லவேளை அவள் கேட்டாள்.

நம் மலாக்காக் கடல் உங்களுக்குத் தெரியும். பால் விட்ட தேத்தண்ணி நிறம். ஐயா இரண்டு மணி நேரம் மிதந்தார். அங்கே போய் மிதந்தார், இங்கே வந்து மிதந்தார். முதுகு சிவந்துபோய் மேலே வந்தபோது தம் கையே தமக்குத் தெரியவில்லை என்றார். பாப்பா ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள்: "மாமா, மீனும் பின்பக்கத்தைக் காட்டிப்போட்டு ஓடிட்டுதோ?"

டின் கழுவின இடம்

சாப்பிட்டு முடித்ததும் பெரியவர்கள் மர நிழலில் படுத்துவிட்டார்கள். நான் டின்களைக் கழுவப் பாறைகளுக்குப் பின்பக்கம் போனேன். அங்கே தண்ணீர் குளம் மாதிரி தேங்கி, தெளிவாக இருந்தது. டின்னில் ஒட்டியிருந்த மீன் துணுக்கு கரைந்ததும் சுற்றிலும் என்னவோ மினுங்கியது. விரல் நீள மீன்கள். பாப்பா போட்ட கூச்சலில் எல்லோரும் எழுந்து ஓடிவந்தார்கள். ஐயா கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். பிறகு அவர் சம்சாரம், பிறகு டிரஸரம்மா, பிறகு பாப்பா. கடைசியில் ஐயாவின் சம்சாரம் கண்ணாடியையும் குழாயையும் என்னிடம் நீட்டினார். "இந்தா பிள்ளை, மீனைக் கூப்பிட்டதே நீதானே. நீ பாக்காமல் போறதோ?"

நான் இடுப்பளவுத் தண்ணீரில் சேலையைச் செருகிக்கொண்டு, முழங்காலைக் குத்தி, முகத்தை இறக்கினேன். முதலில் என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் பார்க்கிறேன், வெளியே பார்த்த கடலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வரி போட்ட மீன் ஒன்று என் விரல் நகத்தைக் கொத்திப் பார்த்தது. கல் என்று நினைத்தது நடந்தது. சங்குக்குள்ளிருந்து கால் வந்தது. பாறையில் பூ மாதிரி ஒன்று, தொட்டால் மூடிக்கொண்டது. கையை எடுத்தால் எவ்வளவு நேரத்தில் திறக்கும்? காத்திருந்தேன். திறந்தது. மறுபடி தொட்டேன். அதற்கு என்னைப் போலவே வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நெஞ்சு கடுத்து வலித்தபோதுதான் தலையைத் தூக்கினேன். பால் கட்டிக்கொண்டால் பிள்ளை பெற்றவளுக்கு வேறு கடிகாரம் வேண்டாம். வெயில் சாய்ந்திருந்தது. மர நிழலில் எல்லோரும் மறுபடி தூங்கிவிட்டிருந்தார்கள், பாப்பாவும்தான். காலையிலிருந்து நேரத்தை மனசில் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான், அந்த நான் மீன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மணி நாலு தாண்டிவிட்டது. மூன்று தடவை கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போன பாக்சிக், படகைத் தள்ளிக்கொண்டே மலாயில் சொன்னார்: "மூணு மணிக்கு உன் முதுகைப் பார்த்துக் கூப்பிட்டேன். மூணரைக்கும் உன் முதுகுதான். செத்துட்டியோன்னு நெனச்சேன், குழாய்ல மூச்சு வந்துச்சு, விட்டுட்டேன்."

முழங்கால் சேறு

பாக்சிக் சொன்னபடியே ஆயிற்று. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் ஏற இரவாகும் என்றார். டிரஸரம்மா படகிலேயே இருப்போம் என்றார். ஐயா இறங்கிப் பார்க்கிறேன் என்று இறங்கி, இரண்டாவது அடியில் உட்கார்ந்துவிட்டார். அவர் சம்சாரம் செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் நின்றார்.

எனக்குத் தேவியின் அழுகை காதில் கேட்கிற மாதிரி இருந்தது. பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்தேன், சேலையை முழங்காலுக்கு மேலே செருகினேன். மழைக்காலத்தில் தோட்டத்துச் சரிவில் நடக்கிறவளுக்குச் சேறு புதுசா? "காலைத் தூக்கித் தூக்கி வைக்காதீங்க, இழுத்து இழுத்து வாங்க. நிக்காதீங்க, நின்னா இறங்கும். என் பின்னாலேயே வாங்க" என்று கத்தினேன். கத்தினது நான்தானா என்று எனக்கே சந்தேகம். மூன்று பேரும் வரிசையாக வந்தார்கள். கரை ஏறியதும் டிரஸரம்மா மூச்சு வாங்கிக்கொண்டே தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "ஒண்டரை வருசமா என்ரை வீட்டிலை நிக்கிறாள். இவளுக்கு வாய் இருக்கெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

சாத்தின கேட்

கார் தோட்டத்துக்கு வந்தபோது ஆறு தாண்டிப் பத்து நிமிஷம். கேட்டைச் சாத்திப் பூட்டியிருந்தார்கள். உள்ளே என் வீட்டுக்காரர், அவர் தோளில் தேவி. அழுது அழுது சத்தம் போய், விக்கல் மட்டும் மிச்சம். காவலுக்கு நின்ற மலாய்ப் போலீஸ்காரர் வயசானவர். சாவி சார்ஜன்டிடம், சார்ஜன்ட் வீட்டில், தாம் திறக்க முடியாது என்றார். விஷயம் கேட்டு டிரஸர் ஐயா சார்ஜன்டைத் தேடி ஓடினார்.

கேட் என்றால் குறுக்கும் நெடுக்குமாகப் பலகை, இடையில் முள்கம்பி. ஓரிடத்தில் பலகைக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. தேவி என்னைப் பார்த்துவிட்டாள். கையை நீட்டினாள். புருஷன் எதிரில் கூடத் தலையில் முந்தானை போட்டுக்கொண்டு பால் கொடுக்கிறவள் நான். நடுரோட்டில், கார் விளக்குக்கு முன்னால், முழங்கால் வரை சேற்றோடு நின்றேன். வேறு என்ன செய்வது? பலகையோடு சேர்ந்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் குந்தி, கம்பி படாமல் பிள்ளையை இடைவெளியில் பிடித்துக்கொண்டார். தம்பி ஐயாவின் சம்சாரம் காரிலிருந்து, குளித்துத் துடைத்த துவாயை எடுத்துவந்து, இரண்டு கையாலும் விரித்து என்னை மறைத்துக்கொண்டு நின்றார். தம்பி ஐயா போய்க் கார் விளக்கை அணைத்தார். தேவி விக்கிக்கொண்டே குடித்தாள். 

சார்ஜன்ட் வந்தார், திறந்தார், இரண்டு வார்த்தை திட்டினார், உள்ளே போனோம். ஆனால் என் நினைவில் நிற்பது அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்ததுதான். அந்த வயசான போலீஸ்காரர், துவாய் விரித்ததுமே ரப்பர் மரங்கள் பக்கம் திரும்பி நின்றவர், சைக்கிள் மணி கேட்டும் திரும்பவில்லை. மலாய்க்காரர்கள் அக்காவைக் 'காக்' என்பார்கள். திரும்பாமலே என்னிடம் கேட்டார்: "காக், சார்ஜன்ட் வர்றாரு. அவரையும் இந்தப் பக்கம் பார்த்து நிக்கச் சொல்லட்டுமா?"

ஓய்வெடுக்கத் தீவுக்குப் போனவர்கள் மறுநாள் முழுக்க ஓய்ந்துபோய்ப் படுத்துவிட்டார்கள், அத்தனை பேருடைய சேற்றுத் துணியையும் துவைக்க உட்கார்ந்த எனக்குத்தான், சோப்புத் தண்ணீருக்குள் ஏதாவது தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்ததில், கொஞ்சம் ஓய்வு கிடைத்தது.