நல்லதம்பி அண்ணனின் பட்டியலில் இல்லாத விளக்கு

காத்தான்குடியிலிருந்து வந்து என் தையற்கடைப் பூட்டில் சாவியை நுழைக்கும்போதுதான் செய்தி வந்தது. பக்கத்தில் நல்லதம்பி அண்ணனின் புடவைக்கடையில் வேலை செய்யும் பெண் அதன் பூட்டிய கதவின் முன்னால் நின்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல் என்னைக் காக்கா என்பாள்.

"முதலாளி விடியக்காலம் போயிற்றார், காக்கா."

நெஞ்சுவலியாம். சண்டைக் காலத்தில் வீட்டுக் கட்டிலில் சாவதும் ஒரு கொடுப்பினை என்று தெருவில் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை.

கல்லடி ஊர்க்காரரான நல்லதம்பி அண்ணன் கடைக்கும் என் கடைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். பாதி நாள் கரண்ட் இல்லாமல் மண்ணெண்ணெய் விளக்கில் வியாபாரம் செய்த காலம். தீப்பிடித்தால் அணைக்க வண்டி வருமென்று எவரும் நம்பவில்லை. அதனால் அவரவர் கடையில் ஆபத்து எங்கே இருக்கிறதென்று அவரவரே பார்த்து எழுதுவதெனத் தெருக் கடைக்காரர்கள் முடிவெடுத்தோம். நானெல்லாம் 'ஒன்றுமில்லை' என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டேன். அண்ணன் கொப்பியில் இரண்டு பக்கம் எழுதினார்: விளக்குகள், உரிந்த வயர், பின்கதவை மறித்த பெட்டிகள். எழுதிய குறைகளையெல்லாம் சரிசெய்தும் விட்டார். தீயணைக்க வைத்த மணல் வாளிக்குள் வெற்றிலை துப்பியவர்களுக்கு அவர் கொடுத்த ஏச்சை இங்கே எழுத முடியாது.

"என்ட கடைய என்னவிட ஆருக்குத் தெரியும்? எண்டாலும் ஒருக்காப் பாருங்க, காக்கா" என்று என்னை அழைத்தார்.

பார்த்தேன். காசு போடும் லாச்சி மேசைக்கு மேலே பிள்ளையார் படம். படத்தில் பிளாஸ்டிக் பூமாலை. அதன் நுனிக்குச் சற்றுத் தள்ளி எரியும் விளக்கு. அது அவருடைய பட்டியலில் இல்லை. ஆனால் அது சாமிக் காரியம். ஒரு சொல்லுக்கே தமிழரும் முஸ்லிம்களும் பகைத்துக்கொண்ட நாட்கள். "எல்லாம் நல்லா இரிக்கி, அண்ணன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கோழை நான்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம், பெட்டிகள் அகற்றிய பின்கதவால் கச்சான் காற்று அடித்தது. பூமாலை விளக்கில் விழுந்தது. அதே கதவால்தான் அந்தப் பெண்ணும் வாடிக்கையாளர்களும் தப்பினார்கள். பலகைச் சுவரில் தீ ஏறியதும் அண்ணன் எரிந்த பலகைகளை வெறுங்கையால் பிடுங்கி எறிந்து, மணலைக் கொட்டினார். என் தையல் மெஷின்கள் தப்பின. அவருடைய வலது உள்ளங்கை வெந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியில் அழுதுவிட்டேன். "நான் அண்டைக்கே கண்டன், அண்ணன். சொல்லப் பயந்திட்டன்."

அவர் சொன்னார்: "நான் ஒவ்வொரு நாளும் கண்டனான். எனக்கு அது சாமி. நெருப்பெண்டு தெரியல்ல. இனி என்ட கடைய நானும் பாக்கன், நீங்களும் பாருங்க. கண்டாச் சொல்லுங்க. நான் கோவிச்சாலும் சொல்லுங்க."

அதன்பிறகு மாதமொருமுறை அவர் கடையை நானும் என் கடையை அவரும் பார்த்தோம். எங்கள் இரு ஊருக்கும் இடையே கலவரம் வந்து, பாதை மூடித் திறந்தபோது, நலம் விசாரிக்கும் முன்னமே கொப்பியோடு வந்து நின்றார். அந்த மனிதரை நான் எப்படி மறப்பேன்?

கல்லடி வீட்டில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் குத்துவிளக்கு. மேலே கட்டிய வெள்ளைத் துணியின் ஓரம் காற்றில் சுடர்ப் பக்கமாக ஆடியது. ஒருவரும் கவனிக்கவில்லை. தலையில் தொப்பியோடு நின்ற எனக்கு வாய் எழவில்லை. அப்போது, நெஞ்சின்மேல் வைத்திருந்த, அன்று வெந்து தழும்பான அந்தக் கையைக் கண்டேன்.

"மகன், விளக்கக் கொஞ்சம் தள்ளி வைங்க. துணியில பத்தப் போகுது" என்றேன். அவருடைய மகன் உடனே தள்ளி வைத்தார்.

சொல்லிவிட்டேன், அண்ணன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.